பூட்டிக் கிடக்கும் ரைஸ் மில்லை என்ன செய்யலாம்? காவிரி டெல்டாவின் பழைய ஆலைக் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர் என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் ரயிலடிப் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில் கண்ணில் படும். சில மில்கள் இன்னும் ஓடுகின்றன. பல பூட்டிக் கிடக்கின்றன. அப்படி ஒரு கட்டடத்தை வாங்க நினைப்பவர்கள், தாத்தா வழியில் பங்கு வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கட்டடக்கலை மாணவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விளக்கம். உங்கள் சர்வே எண்ணுக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடமும் நகராட்சியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரைஸ் மில்லை ஏன் ஊருக்கு நடுவில் கட்டினார்கள்?

கட்டியபோது அது ஊர்க்கோடி. ஊர்தான் பிறகு வளர்ந்து வந்து மில்லைச் சுற்றிக்கொண்டது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இலும், அங்கிருந்து திருச்சிக்கு 1862-இலும் ரயில் பாதை வந்தது. முதலில் அகலப் பாதையாக இருந்ததை 1875-இல் மீட்டர்கேஜாக மாற்றினார்கள். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் போகும் பாதை 1894-இல் வந்தது. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக இலங்கைக்கு அரிசி போன காலம் அது. வயலிலிருந்து மாட்டு வண்டியில் வரும் நெல் அரிசியாகி வேகனில் ஏற வேண்டுமென்றால் மில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்த தேவை தண்ணீர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைக்க நிறையத் தண்ணீர் வேண்டும், ஊறிய தண்ணீரை விடவும் இடம் வேண்டும். அதனால் வாய்க்கால் ஓரமாகவோ குளத்துக்குப் பக்கமாகவோ பார்த்துக் கட்டினார்கள். மூன்றாவது வெயில். நெல் காயப் பெரிய வெட்டவெளி தேவைப்பட்டது. இன்று நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய திறந்த இடம் மிச்சமிருப்பதற்கு இந்த நெல் களம்தான் காரணம். மறுபயன்பாட்டில் இந்தக் களத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதால் பின்னாலும் இதைப் பற்றி வரும்.

மில் வருவதற்கு முன்னால் நெல் எப்படி அரிசியானது?

உலக்கையால். வீட்டிலும் கூலிக்கும் பெண்கள் குத்தினார்கள். மில் வந்ததும் அந்தக் கூலி போயிற்று. கைக்குத்தல் தொழில் அழிகிறது என்ற கவலை காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வரை போனது. 1958-ஆம் ஆண்டின் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் கவலையும் இருந்தது. அதன்படி புதிய மில் தொடங்க அனுமதியும், நடத்த உரிமமும் தேவைப்பட்டன.

இயந்திரத்தை ஓட்டும் சக்தி மூன்று கட்டமாக மாறியது. முதலில் நீராவி எஞ்சின், அடுத்து ஆயில் எஞ்சின், கடைசியில் மின்மோட்டார். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-இல் வந்தது. கல்லணைக் கால்வாயும், அதாவது டெல்டாக்காரர்கள் புது ஆறு என்று சொல்வதும், 1934-இல்தான் திறக்கப்பட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாக நெல் விளைந்தது அதனால்தான். 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோனது. அதற்குப் பிறகு தஞ்சாவூர் நெல்லுக்கு இருந்த கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை.

மில்லுக்குள் இருக்கும் தொட்டி, குழி, மேடை எல்லாம் எதற்கு?

நெல் போகும் பாதையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கட்டடம் முழுவதும் புரிந்துவிடும்.

வாசல் பக்கம் எடைமேடை, அதை ஒட்டிக் கணக்குப்பிள்ளை உட்காரும் ஆபீஸ் அறை. பெரும்பாலும் இது ஒன்றுதான் மெட்ராஸ் டெரஸ் போட்ட அறையாக இருக்கும். பர்மா தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக அடுக்கிப் போடும் தளம் அது. அடுத்தது நெல் குடோன். அதைத் தாண்டினால் வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள். நெல் ஊறிய இடம் இவைதான். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தப் புளித்த வாடை தெரு முழுக்க வீசும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வெந்நீரில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்ததும் வேலை சில மணி நேரமாகக் குறைந்தது, வாடையும் குறைந்தது.

ஊறிய நெல் இரும்பு உருளைகளுக்குப் போகும். பாய்லரிலிருந்து வரும் ஆவி அங்கே நெல்லை அவிக்கும். பாய்லருக்கு எரிபொருள் உமி. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமிதான். எரிபொருளை வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டாத தொழிற்சாலை இது. புகைபோக்கி இந்தப் பாய்லருக்கானது.

அவித்த நெல் களத்துக்கு வரும். பெண்கள் காலாலேயே அதைக் கிளறி, திருப்பி, குவித்து, மறுபடி பரப்புவார்கள். ஒரேயடியாகக் காயவிட்டால் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். முக்கால் பங்கு காய்ந்ததும் சில மணி நேரம் குவித்து மூடி வைத்துவிட்டு மறுபடி பரப்ப வேண்டும். எப்போது குவிப்பது என்பதை நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு களத்திலும் இருந்தார்கள். மில்லின் பெயர் நிலைத்ததும் கெட்டதும் இந்தக் களத்து வேலையில்தான். கட்டடத்தின் வரலாறு எழுதுபவர்கள் எஞ்சினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் களத்தில் நின்றவர்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை.

காய்ந்த நெல் கடைசியாக உயரமான அரவைக் கூடத்துக்குள் போகும். ஒரே எஞ்சின் அல்லது மோட்டார், அதிலிருந்து கூடத்தின் நீளத்துக்கும் ஓடும் லைன் ஷாஃப்ட் என்ற சுழலும் இரும்புத் தண்டு, அதில் வரிசையாகப் புல்லிகள், ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு பெல்ட் ஓர் இயந்திரத்துக்கு. கூடம் இவ்வளவு உயரமாகவும், நடுவில் தூண் இல்லாமலும் இருப்பது இந்த அமைப்புக்காகத்தான். தரையில் தெரியும் குழிகள் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிப்பகுதி இருந்த இடங்கள்.

எங்கள் மில் எந்த ஆண்டு கட்டியது என்று பத்திரத்தில் இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டடமே நிறையச் சொல்லும். கூரை ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓட்டுத் தொழிலை 1865-இல் தொடங்கியது பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே ஓட்டில் பேசல் மிஷன் என்று அச்சிட்டிருந்தால் ஓடு போருக்கு முந்தியது, காமன்வெல்த் என்றிருந்தால் பிந்தியது. ஆனால் ஓடு வேறு கட்டடத்திலிருந்து இறக்கி வந்ததாகவும் இருக்கலாம். ஒரு தடயத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இரும்பு உத்தரத்தின் பக்கவாட்டில் அதைச் செய்த எஃகு ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கும். டாடாவின் ஜாம்ஷெட்பூர் ஆலை எஃகு தரத் தொடங்கியது 1912-இல். அந்தப் பெயர் இருந்தால் உத்தரம் அதற்குப் பிந்தியது. எஞ்சின் தகட்டில் ரஸ்டன் ஹார்ன்ஸ்பி என்று இருந்தால், இந்த இரண்டு ஆங்கிலேயக் கம்பெனிகளும் 1918-இல்தான் ஒன்றாயின என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட உறுதியான தடயம் பாய்லர். 1923-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டப்படி ஒவ்வொரு பாய்லரும் பதிவாக வேண்டியிருந்தது. பதிவு எண்ணை பாய்லரிலேயே பொறித்திருப்பார்கள். அதை வைத்துப் பாய்லர் இயக்ககத்தில் விசாரிக்கலாம்.

காகிதத்துக்கு வருவோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிந்த அளவு பின்னோக்கி வில்லங்கச் சான்று போடுங்கள். நகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் "மில்" என்று முதலில் எந்த ஆண்டு வருகிறது என்று பாருங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, மன்னார்குடி ஐந்தும் 1866-இல் நகராட்சியானவை. பழைய பதிவேடுகள் எந்த அளவு தப்பியிருக்கின்றன என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். இன்னொன்று, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர்கள் பழைய ஆவணங்களைத் தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இலும், திருவாரூர் 1997-இலும், மயிலாடுதுறை 2020-இலும்தான் பிரிந்தன.

ஆபீஸ் அலமாரியில் கிடக்கும் பழைய கணக்கு நோட்டு, கூலிப் பட்டியல், லாரி ரசீது எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு சம்பா பருவத்தில் எந்தெந்த ஊர் நெல் வந்தது, களத்தில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பது வேறு எங்கும் கிடைக்காது.

நெல் இன்னும் விளைகிறதே, மில்கள் ஏன் மூடின?

"மாடர்ன் ரைஸ் மில் வந்தது, பழைய மில் போச்சு" என்று ஒரு வரியில் சொல்வார்கள். அது கதையில் ஒரு பகுதிதான்.

முதல் மாற்றம் கொள்முதலில் வந்தது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியது. டெல்டா நெல் வெளி மாவட்டத்துக்குப் போகக் கட்டுப்பாடுகளும் இருந்தன. சொந்தமாக நெல் வாங்கி, அரைத்து, பெயர் போட்டு விற்ற மில் முதலாளி, அரசு நெல்லைக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் அரவை முகவரானார். நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. பழைய அரவை இயந்திரமான ஹல்லரில் அதை எட்டுவது கஷ்டம். அது நெல்லைத் தேய்த்து உடைக்கும், குருணை கூடும். உமியும் தவிடும் கலந்து விழுவதால் தவிட்டைத் தனியாக எண்ணெய்க்கு விற்கவும் வழியில்லை.

இரண்டாவது, ரப்பர் உருளை வைத்த நவீன மில். 1960-களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தச் சூழலில் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலை வந்தது. அதோடு 1967-இல் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து வளர்ந்து இன்று தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக நிற்கிறது.

மூன்றாவது, தண்ணீர். காவிரி நீர்ப் பங்கீட்டுக்கான நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது. குறுவை நிச்சயமில்லாமல் போன ஆண்டுகளில் மில்லுக்கு ஆறு மாதம் வேலை இல்லை. அதே சமயம் காங்கேயம் பக்கத்துப் பெரிய மில்கள் டெல்டா நெல்லை லாரி லாரியாக வாங்கிக்கொண்டு போயின.

கடைசியாக, சுற்றி வீடுகள் வந்துவிட்டன. உமிச் சாம்பல் துணி காயும் கொடியில் விழுந்தால் யார் பொறுத்துக்கொள்வார்கள்?

கட்டடம் தேறுமா? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லதில்லையா?

பெரும்பாலும் சுவர் தேறும், கூரை தேறாது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒன்றரைச் செங்கல், இரண்டு செங்கல் கனத்தில் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர்கள் இயந்திர அதிர்வைப் பல பத்தாண்டுகள் தாங்கியவை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பழுது பார்க்கிறோம் என்று மேலே சிமெண்ட் பூசுகிறார்களே அங்கே. டெல்டாவில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும். சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் என்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கோயில் திருப்பணி நடக்கும் ஊர்களில் கிடைப்பார்.

விரிசலைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பாருங்கள். டெல்டாக் களிமண் கோடையில் வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்து கண்ணாடி உடையாமல் இருந்தால் கவலையில்லை.

கூரையில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு கொட்டகைகள் சேரும் இடத்துத் தகரக் கால்வாய். ஒழுகல் தொடங்குவது அங்கேதான். அதற்குக் கீழே இருக்கும் மரமும் சுவருமே முதலில் கெடும். பிறகு ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது துருப்பிடித்த கொக்கிகளோடு இருந்த கூரைகளின் கதி என்ன ஆனது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். கூரை கல்நார் ஷீட் என்றாலோ, பாய்லர் குழாயைச் சுற்றி வெள்ளையாக நார்ப் பூச்சு இருந்தாலோ, உடைத்து இறக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி, மூடி எடுத்துப்போக வேண்டும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும். வெட்டிவிட்டு, வேருக்கு மருந்து வைத்து, காய்ந்த பிறகு எடுங்கள்.

இடிப்பதைப் பற்றி ஒரு முக்கிய விஷயம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் இருக்கும் வட்டாரத்தில் இது சின்ன விஷயமில்லை. தடைப் பகுதியில் இருக்கும் கட்டடத்தை அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம். இடித்துவிட்டால் அந்த இடத்தில் புதிதாகக் கட்ட வழியில்லாமல் போகலாம்.

புகைபோக்கி ஆபத்தா?

சாய்ந்திருந்தால், உச்சியில் செங்கல் பெயர்ந்திருந்தால், ஆபத்துதான். நேராக இருந்தால் உச்சியைச் சீர்செய்து, இரும்புப் பட்டைகளைப் புதுப்பித்து, இடிதாங்கிக் கம்பி தரை வரை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முழுவதும் இடிப்பதைவிடத் தேறாத மேல்பகுதியை மட்டும் இறக்குவது நடுவழி. ஊரில் வழி சொல்ல அது வேண்டியிருக்கிறது.

எல்லாரும் கல்யாண மண்டபமாக்கு என்கிறார்களே?

சொல்வார்கள். தூணில்லாத கூடம், கார் நிறுத்தக் களம், சமையலுக்குப் பின்கட்டு, ஊர் நடுவில் இடம். கணக்குப் பார்த்தால் மண்டபத்துக்கென்றே கட்டியது போல இருக்கும். தவறான யோசனை என்று சொல்லமாட்டேன். ஆனால் நடப்பது என்ன? ஏசி போட வேண்டும் என்று தாழ்வாகப் பொய்க்கூரை போட்டு உத்தரங்களை மறைப்பார்கள். ஜன்னல்களை அடைப்பார்கள். மேலே காற்று போகாத இடத்தில் கரையான் ஏறும், ஒழுகலும் கண்ணில் படாது. கூரை விழுகிற அளவுக்கு வந்த பிறகுதான் தெரியும். மண்டபம் வைப்பதானால் பொய்க்கூரை போடாமல் கூரை கீழிருந்து தெரியும்படி விடுங்கள். காற்று மேலே போகத்தான் அந்த உயரம்.

தீ விஷயத்தில் சமரசமே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த வட்டாரம் இது. மில் கூடத்துக்கு வழக்கமாக ஒரு பெரிய கதவுதான் இருக்கும், மற்றவை மூட்டை போகிற சின்ன வழிகள். ஆட்கள் கூடும் இடமாக மாற்றினால் எதிரெதிர்ச் சுவர்களில் அகலமான வெளிவழிகள் வேண்டும், சமையல்கட்டு கூடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், பந்தலுக்குக் கீற்று வேண்டாம்.

வேறு என்ன வழிகள் இருக்கின்றன?

செலவு குறைவானது குடோன். நெல், உரம், பாத்திரம், துணி எதற்கும் வாடகைக்கு ஆள் கிடைக்கும். கட்டடத்தை ஒன்றும் மாற்ற வேண்டாம். முடிவெடுக்கக் காலம் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாடகை கூரையைக் காப்பாற்றும், கூரை மற்றதைக் காப்பாற்றும்.

கொஞ்சம் பெரிதாக யோசிப்பவர்கள் கொச்சியைப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஆஸ்பின்வால் என்ற பழைய வணிகக் கம்பெனியின் குடோன்கள் 2012 முதல் பினாலே கலைக் கண்காட்சிக்கு முக்கிய இடமாக இருந்தன. சுவரையும் கூரையையும் சீராக்கியதோடு விட்டார்கள், அலங்காரம் எதுவும் செய்யவில்லை. சென்னை பெரம்பூரில் பின்னி துணி மில் 1996-இல் மூடிய பிறகு அதன் வளாகம் பல காலம் சினிமா படப்பிடிப்புக்குப் பயன்பட்டது. டெல்டாவில் அதே அளவில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மார்கழியில் கச்சேரி, மற்ற மாதங்களில் கைத்தறிச் சந்தை, புத்தகக் கண்காட்சி என்று கூடத்தையும் களத்தையும் சேர்த்து வாடகைக்கு விடலாம்.

எதைச் செய்தாலும் களத்தைத் துண்டு போடாதீர்கள். களத்தை மனையாகப் பிரித்து விற்றுவிட்டுக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றுகிறோம் என்பவர்களுக்கு மிஞ்சுவது வண்டி நிறுத்த இடமில்லாத, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத, நாலு பக்கமும் சுவர் எழும்பிய இருட்டுக் கொட்டகை. அதற்குப் பிறகு எந்தப் பயன்பாடும் ஒத்துவராது. களம் அந்தக் கட்டடத்தின் பாதி.

மில்லாகவே திரும்ப ஓட்ட முடியுமா?

பெரிய அளவில் முடியாது. சிறிய அளவில் முடியும், இப்போது அதற்கு ஒரு சந்தையும் இருக்கிறது. 'நெல்' ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டது இந்தத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்துதான். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி பயிரிடும் விவசாயி பத்து மூட்டை, இருபது மூட்டை என்றுதான் கொண்டுவருவார். நவீன மில் அந்தச் சின்ன அளவைத் தனியாக எடுத்து அரைக்காது, வேறு ரகத்தோடு கலந்துவிடும். அதிகம் தீட்டாமல் தவிட்டோடு அரைத்துத் தரும் சின்ன மில்தான் அவருக்குத் தேவை. பழைய மில்லின் ஒரு மூலையில் சின்ன உமி நீக்கும் இயந்திரம் ஒன்று, களத்தில் கொஞ்சம் இடம், முன்பக்க ஆபீஸ் அறையில் அரிசிக் கடை. மீதிக் கூடத்தை வேறு வேலைக்கு விடலாம். சுற்றுப்புற வீடுகள் இருப்பதால் நெல் அவிப்பதை மட்டும் வேறு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் இடம் எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது என்று உள்ளூர் திட்டக் குழுமத்தில் கேளுங்கள். தொழிற்சாலை மண்டலம் என்றிருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும், இதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும். அப்புறம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று. மண்டபம் போன்றவற்றுக்கு 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம்.

அரசு பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்து எடுத்துக்கொள்ளுமா?

அந்தப் பயமும் வேண்டாம், அந்த எதிர்பார்ப்பும் வேண்டாம். மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஆனால் கோயில், அரண்மனை, சத்திரம் என்று டெல்டாவில் வரிசையில் நிற்பவையே ஏராளம். ரைஸ் மில்லின் முறை வரும் வரை கூரை காத்திருக்காது.

பங்காளிகள் பலர். யாரும் ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

டெல்டாவில் மில் கட்டடங்கள் விழுவதற்கு மழையைவிடப் பெரிய காரணம் இது. முதலாளி காலத்தில் ஒருவர் பெயரில் இருந்தது பேரன் பேத்தி காலத்தில் பலர் பெயரில் நிற்கும். பெண் பிள்ளைகளுக்கும் சம உரிமை தமிழ்நாட்டில் 1989 முதல், நாடு முழுவதும் 2005 முதல் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டுப் போட்ட ஒப்பந்தம் நிற்காது.

அளந்து பிரிக்காதீர்கள். வருமானத்தைப் பிரியுங்கள். சொத்து முழுவதையும் ஒரே குத்தகையாக விட்டு வாடகையைப் பங்கு விகிதப்படி வங்கிக் கணக்குகளுக்கு நேராகப் போகும்படி எழுதிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் பங்காளி பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால் போதும். கூரைப் பழுதுக்கென்று வாடகையில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் முதல் ஒழுகலிலேயே சண்டை ஆரம்பித்துவிடும்.

டெல்டாவில் ரைஸ் மில் தவிர வேறு பழைய தொழிற்கட்டடங்கள் உண்டா?

உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அதை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். பொன்மலைப் பணிமனை இன்றும் ஓடுகிறது, அதனால் அதன் கட்டடங்களும் நன்றாக இருக்கின்றன. நாகப்பட்டினம் ஒரு பெரிய வேலைவாய்ப்பை இழந்தது. இதைவிடப் பழையது வேண்டுமென்றால் தரங்கம்பாடி. டேனிஷ் மிஷனின் அச்சுக்கூடம் 1712-இல் அங்கே வந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பக்கத்தில் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள்.

பழைய இயந்திரங்களைக் காயலான் கடைக்குப் போடலாமா?

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது புரிகிறது. வார்ப்பிரும்புக்கு நல்ல விலையும் கிடைக்கும். போடுவதற்கு முன் ஒவ்வோர் இயந்திரமும் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தகட்டிலுள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஹல்லர், பாய்லரின் முகப்பு, எடைமேடை இவற்றை நிறுத்திக்கொண்டால் பிறகு வருபவருக்கு மில் எப்படி ஓடியது என்று காட்டலாம். லைன் ஷாஃப்டை மட்டும் கழற்ற விடாதீர்கள். அதைத் தாங்கும் இரும்புக் கைகளைச் சுவர் கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டியிருப்பார்கள், பிடுங்கினால் சுண்ணாம்புச் சுவர் அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். எடுத்தே தீர வேண்டும் என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுக்கச் சொல்லி, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.